தயாராக வேண்டியது மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவையும்தான்

‘நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?’ எண்ட பட்டறைகளுக்கு எங்கட பக்கம் குறைச்சலே இல்லை. கம்பஸில வைக்கினம், தொழிற்பயிற்சி நிலையத்தில வைக்கினம், பிரதேச செயலகத்திலயும் வைக்கினம். எல்லா இடத்திலயும் ஒரே பாடம்தான். சப்பாத்தை மினுக்குங்கோ. டை கட்டுங்கோ. கண்ணைப் பார்த்துக் கதையுங்கோ. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” எண்டால் இந்த ஆறு வரியை ஆங்கிலத்தில சொல்லுங்கோ. “உங்கட பலவீனம் என்ன?” எண்டால் “எல்லாத்தையும் திறமாச் செய்ய வேணும் எண்டு கஷ்டப்படுறதுதான்” எண்டு சொல்லுங்கோ. கடைசியில ஒரு சான்றிதழ், ஒரு குரூப் ஃபோட்டோ.

நேரத்துக்குப் போறதும் துப்புரவாய் உடுத்துறதும் நல்ல விசயம்தான். ஆனால் இந்தப் பட்டறைகள் சொல்லாமல் சொல்லுற ஒரு விசயம் இருக்கு: வேலை கிடைக்காததுக்கு முழுக் காரணமும் நீதான். உனக்குக் கொன்ஃபிடன்ஸ் இல்லை, உன்ர இங்கிலிஷ் காணாது, உனக்குக் கதைக்கத் தெரியேல்லை. கேள்வி கேட்கிற ஆக்களுக்கு ஒரு பட்டறை நடந்ததாக நீங்கள் எப்பவாவது கேள்விப்பட்டிருக்கிறியளோ?

கேள்விப்பட்டிருக்க மாட்டியள். ஆனால் அவையளுக்குத்தான் அது அவசரமாகத் தேவை. கிளிநொச்சியில இருந்து இரவு பஸ்ஸில ஏறி, விடியப் புறக்கோட்டையில இறங்கி, முகம் கழுவி உடுப்பு மாத்திக்கொண்டு போற பிள்ளைக்குக் கிடைக்கிறது இருபது நிமிசம். அதிலயும் பாதி நேரம் வேலையைப் பற்றின கதையே இல்லை. பெண்பிள்ளை எண்டால் “கலியாணம் எப்ப? கட்டின பிறகும் வேலைக்கு வருவீங்களோ?” வன்னிப் பிள்ளை எண்டால் “2009இல எங்க இருந்தனீங்கள்?” மலையகப் பிள்ளை எண்டால் “தோட்டமோ?” கொழும்புக் கம்பனிகளை மட்டும் குறை சொல்லித் தப்ப ஏலாது. யாழ்ப்பாணத்துத் தமிழ் முதலாளி “ஊர் எது? ஊரில எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?” எண்டு கேட்கிறது என்னத்துக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும். சாதி எண்ட சொல்லை வாயில எடுக்காமலே சாதி கேட்கிற வித்தை அது.

சட்டம் என்ன சொல்லுது? அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் போன்ற காரணங்களால் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மீறல் எண்டு 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால், மீறல் அரச நிர்வாகத்தின் செயலாக இருக்க வேண்டும். அதுவும் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். தனியார் கம்பனியின் நேர்முக அறைக்குள் அந்தக் கதவு திறக்காது. மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுப்பதில் பாரபட்சம் காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மற்றவர்களுக்குத் தனியார் துறையில் அப்படி ஒரு பொதுவான சட்டம் இல்லை. இத்தனைக்கும் வேலையில் பாரபட்சத்தை ஒழிப்பதற்கான சர்வதேச தொழில் அமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998இலேயே ஏற்றுக்கொண்டது. கையெழுத்து வைச்சாச்சு, மிச்சம் கிடக்குது.

“ஆளைப் பார்த்துக் கதைச்சால் எனக்குத் தெரிஞ்சிடும்” எண்டு பெருமைப்படுற மனேஜர்மாருக்கும் ஒரு செய்தி. 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் புள்ளி போடுகிற நேர்முகம், வாயில் வந்ததைக் கேட்கிற நேர்முகத்தை விட நல்ல ஆளைச் சரியாக இனங்காண்கிறது என்பது அவர்களின் முடிவுகளில் ஒன்று. அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்து காட்டச் சொல்வதும் அப்படித்தான். ஆகவே ‘கோயிலடி’ கேட்கிறவர் அநியாயம் மட்டும் செய்யேல்லை, தன்ர வேலையையும் ஒழுங்காச் செய்யேல்லை.

அப்ப நாங்கள் தயாராகத் தேவையில்லையோ? தேவை. ஆனால் வேற மாதிரி. ஆறு வரியைப் பாடமாக்கிறதை விட, விளம்பரத்தை வரி வரியாய் வாசிச்சு, அதில கேட்ட ஒவ்வொரு தகைமைக்கும் நீங்கள் செய்த ஒரு வேலையை உதாரணமாய் எடுத்து வையுங்கோ. கணக்கு வேலை எண்டால் நீங்கள் எக்ஸெலில போட்ட ஒரு கணக்கைக் கையோட கொண்டு போங்கோ. சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எத்தினை மணி, ஈபிஎஃப், ஈடிஎஃப் கட்டுவினமோ எண்டு கேட்கிறதுக்கு வெட்கப்படாதேங்கோ. அரச சேவைக்கான பரீட்சை எண்டால் தமிழில தோற்றுறது உங்கட உரிமை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்லுது. தேவையில்லாத கேள்வி வந்தால் “இது இந்த வேலையோட எப்பிடிச் சம்பந்தப்படுது?” எண்டு மரியாதையாய்த் திருப்பிக் கேட்கலாம்.

கேட்கலாம்தான். ஆனால் வீட்டில கடன் இருக்கிற பிள்ளையால எல்லா நேரமும் அப்பிடிக் கேட்க ஏலாது. அந்தப் பாரத்தையும் அந்தப் பிள்ளையின்ர தலையிலயே வைச்சால் நாங்களும் அந்தப் பட்டறைக்காரர் மாதிரித்தான்.

அதால, பட்டறை வைக்கிற நிறுவனங்களிட்டயும் அதுக்குக் காசு குடுக்கிற கம்பனிகளிட்டயும் எங்கட கோரிக்கை இதுதான். விளம்பரத்திலயே சம்பளத்தைப் போடுங்கோ. நேர்முகம் எந்த மொழியில எண்டு முன்கூட்டிச் சொல்லுங்கோ. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே புள்ளித்தாள். கலியாணம், கோயிலடி, 2009 பற்றின கேள்விகளை நிப்பாட்டுங்கோ. முதல் சுற்றைத் தொலைபேசியில நடத்தினால் ஒரு பிள்ளையின்ர பஸ் காசு மிஞ்சும். எடுக்கேல்லை எண்டால் அதையாவது ஒரு மெசேஜில சொல்லுங்கோ. “பிறகு அறிவிக்கிறம்” எண்ட பதிலை நம்பி மாசக்கணக்காய் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருக்கிற பிள்ளையள் எங்கட ஒவ்வொரு ஊரிலயும் இருக்கினம்.

அடுத்த பட்டறைக்கு உங்களைக் கூப்பிட்டால் போங்கோ. கடைசியில “ஏதும் கேள்வி இருக்கோ?” எண்டு கேட்பினம். எழும்பி நிண்டு, கேள்வி கேட்கிறவைக்கான பட்டறை எப்ப எண்டு கேளுங்கோ.