கட்டுத்துணியும் வாழையிலையும்

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். அதனை அடுத்த நல்லூர் வட்டாரத்து ஜனங்களுக்கும் சூளையின் நெருப்பு புதிதன்று. நெருப்பை அண்டிப் பிழைக்கும் பிரதேசத்தில் தீக்காயத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனமாகாது; பேசாதிருப்பதே பிழையாகும்.

ஆழமான தீக்காயம் தானாக எளிதில் ஆறுவதில்லை. வைத்தியர் நோயாளியின் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்துக் காயத்தின்மேல் ஒட்டுகிறார். இவ்வாறு ஒரு புண் இரு புண்களாகின்றது. ஒட்டிய தோல் முதல் சில தினங்கள் அசையாதிருந்தால்தான் அதனுள் இரத்தம் ஓடத் தொடங்கும். அடியில் நீர் கோத்தாலும் கட்டு நழுவினாலும் அது பிழைப்பது அரிது. அந்தக் கட்டு வைத்தியரின் பொறுப்பு. அதில் நாம் தலையிடவில்லை. தோலைக் கொடுத்த தொடையைப் பற்றியதே நமது விண்ணப்பம்.

அப்புண் ஆற ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். வாஸலைன் தோய்த்த வலைத்துணியை அதன்மேல் இடுவது நெடுநாளைய வழக்கம். துணி உலர்ந்து புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதை உரிக்கும்போது புதிதாய் முளைத்த தோலும் கூடவே உரியும். ஒட்டிய தோலைவிடக் கொடுத்த இடமே அதிகம் வலிக்கிறது என்று நோயாளிகள் கதறுவது இதனாலன்றோ! ஈரம் காத்த புண் உலர்ந்த புண்ணைவிட விரைவில் மூடுகிறது என்பதை ஜார்ஜ் விண்டர் என்பவர் 1962-லேயே பன்றிகளிடம் பரிசோதித்துக் காட்டினார்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு விடை பிறந்தது. மும்பையில் கோரே, அகோலேகர் என்னும் வைத்தியர்கள் வாழையிலையைக் கட்டாகப் பிரயோகித்து, அதன் பலனைத் தீக்காய சிகிச்சைக்குரிய சர்வதேசப் பத்திரிகையில் 2003-ல் வெளியிட்டார்கள். மெழுகு படிந்த இலை புண்ணில் ஒட்டுவதில்லை. எடுக்கும்போது வலியும் குறைவு. செலவோ சொற்பம்.

வீட்டுக் கொல்லையிலிருந்து இலையை அறுத்துப் புண்ணில் வைக்கலாமென்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஆஸ்பத்திரியில் நீராவியால் கிருமி நீக்கிய இலையே கட்டாகும், மற்றது விஷமாகலாம். ஒட்டாத நவீனக் கட்டுகளும் கொலாஜன் படலங்களும் கடைகளில் கிடைக்கின்றன. வசதியுள்ளவர் அவற்றை வாங்கட்டும். கூலியையும் இழந்து படுத்திருக்கும் தொழிலாளி எதைக் கொண்டு வாங்குவான்?

ஆகவே, கட்டைத் தேர்ந்தெடுப்பதில் பழக்கம் தீர்ப்பளிக்கலாகாது. புண்ணின் தன்மை, நீர்க்கசிவு, வலி, நோயாளியின் கைப்பொருள் ஆகிய நான்கையும் நிறுத்துப் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும். ஒட்டாத கட்டு ஏதேனும் ஒன்றாவது ஏழை நோயாளிக்கு இலவசமாகக் கிடைக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்க. பந்தியில் நம் கண்முன் விரியும் இலை, ஆஸ்பத்திரிக் கட்டிலண்டை வருவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வலியைத் தவிர்க்கும் வழி தெரிந்திருந்தும் ஏழையை வலியில் விடுவது விதியன்று; நமது அசிரத்தையே.