முரண்படும் தோட்டா மறுநிரப்பு அளவுகள்: அமைப்பின் நிலைப்பாடு

சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கூட்டில் புதிய கேப்பு, வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி மீண்டும் சுடத்தக்கதாக்குவது மறுநிரப்பு எனப்படும். ஒரே தோட்டாவுக்கு இரு பட்டியல்கள் வெவ்வேறு மருந்தளவைக் கூறும்போது அவற்றுக்குச் சராசரி காண்பதும், பெரிய எண்ணையே நம்புவதும் ஏற்கத்தக்கதல்ல என்பது, கோவை வட்டாரத் துப்பாக்கி சுடும் விளையாட்டினரைக் கொண்ட இவ்வமைப்பின் நிலைப்பாடாகும்.

பட்டியல்கள் முரண்படுவதற்கு அச்சுப்பிழை அரிதாகவே காரணம். ஒவ்வோர் எண்ணும் ஒரு குறிப்பிட்ட குழாய், கூடு, கேப்பு, மருந்துத் தொகுதி ஆகியவற்றைக் கொண்டு நடந்த சோதனையின் பதிவு மட்டுமே. அவற்றுள் ஒன்று மாறினாலும் அழுத்தம் மாறும். அளக்கும் முறையும் எண்ணை மாற்றும். .308 வின்செஸ்டர் தோட்டாவின் உச்ச அழுத்தம், செம்பு உருளை நசுங்கும் அளவைக் கொண்டு கணக்கிடும் பழைய முறையில் 52,000 என்றும், மின்னுணரி முறையில் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு என்றும் அமெரிக்கத் தரநிலையில் குறிக்கப்படுகிறது. இவ்விரண்டும் ஒரே வரம்பின் இரு அளவைகள் என்பதை அறியாதவர், இடையில் 10,000 பவுண்டு கூடுதல் இடம் இருப்பதாக எண்ணிவிடக்கூடும்.

12 போர் தோட்டாப் பெட்டிகளில் காணப்படும் 'டிராம் சமானம்' இதைவிட ஆபத்தானது. 3 டிராம் என்பது சுமார் 82 கிரெயின் (ஒரு கிராம் ஏறத்தாழ 15.4 கிரெயின்) கருமருந்து தரும் வேகத்தைச் சுட்டுவதே தவிர, உள்ளே இருக்கும் புகையற்ற மருந்தின் எடை அன்று. அதே வேகத்துக்குப் புகையற்ற மருந்தில் அதன் சிறு பகுதியே போதும். எடையாகக் கொண்டு நிரப்பினால் குழாய் வெடிக்கும்.

வெப்பமும் கணக்கில் சேர வேண்டும். குன்னூரை அடுத்த அருவங்காட்டில் தொழிற்சாலை அமைத்துத் தயாரிக்கப்பட்ட கார்டைட் என்னும் கயிறு போன்ற உந்துமருந்து வெப்பத்தில் அழுத்தம் கூட்டுவதால், இந்தியா போன்ற நாடுகளுக்கென மருந்து குறைத்த தோட்டாக்களைப் பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் விற்றனர். இன்றைய பட்டியல்கள் பெரும்பாலும் 21 பாகை செல்சியஸ் அளவிலான சூழலில் பெறப்பட்டவை. பாலக்காட்டுக் கணவாயின் காற்று கோவைக்கு ஓரளவு தணிவு தரலாம். ஆனால் சித்திரை வெயிலில் கரூரிலோ ஈரோட்டிலோ நிறுத்தப்பட்ட காருக்குள் கிடக்கும் தோட்டாவுக்கு அந்தத் தணிவு இல்லை.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைத்து, உரிமமின்றித் தயாரிப்பதைத் தடைசெய்கிறது. மறுநிரப்பும் தயாரிப்பே என்பது இவ்வமைப்பின் புரிதல். துப்பாக்கி உரிமம் அதற்கான அனுமதி ஆகாது. ஆகவே உறுப்பினர்கள் ஆலைத் தோட்டாக்களையே பயன்படுத்த வேண்டும். தயாரிப்பு உரிமம் பெற்றவர்கள், மருந்துத் தயாரிப்பாளர் அந்த மருந்துக்கென வெளியிட்ட நடப்புப் பட்டியலின் தொடக்க அளவிலிருந்தே செல்ல வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் உள்ள மருந்தை எந்தப் பட்டியலாலும் சரிபார்க்க இயலாது என்பதால் அதைத் தொடவே கூடாது. அளக்கும் முறை, சோதனை வெப்பநிலை, தொகுதி எண் ஆகிய மூன்றையும் பெட்டியின் மீது தமிழிலும் அச்சிடுமாறு தயாரிப்பாளர்களையும் இறக்குமதியாளர்களையும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.