இரவற் குடையும் ஐரோப்பாவும்

பிறன் பிடிக்கும் குடை, பிடிப்பவன் மனம் உள்ளவரைதான் நிழல் தரும். இவ்வுண்மையை ஐரோப்பிய நாடுகள் இன்று பெருவிலை கொடுத்துக் கற்கின்றன.

1952 மே மாதத்தில் பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி உள்ளிட்ட ஆறு நாடுகள் பொதுவான ஐரோப்பியப் படையொன்றை அமைக்கப் பாரிஸ் நகரில் ஒப்பமிட்டன. அத்திட்டத்தை முன்மொழிந்த பிரான்சின் பாராளுமன்றமே 1954 ஆகஸ்டில் அதனை நிராகரித்தது. மேற்கு ஐரோப்பாவின் காவல் அமெரிக்காவின் கையிலேயே தங்கிவிட்டது.

அக்காவலுக்கு விலையுண்டு என்பதை 1956ஆம் ஆண்டின் சுயெஸ் விவகாரம் காட்டிற்று. எகிப்தின் மீது பிரித்தானியாவும் பிரான்சும் தொடுத்த படையெடுப்பு அநீதியானதே. ஆயினும் அவை பின்வாங்கியது நீதியுணர்வினால் அன்று, வாஷிங்டனின் நெருக்குதலினால். அப்பாடத்தைக் கற்ற பிரான்ஸ் சொந்த அணுவாயுதம் தேடியது. 1966இல் நேட்டோவின் கூட்டுப்படைத் தலைமையிலிருந்தும் விலகியது. மற்றையோர் குடையின் கீழேயே இருந்தனர்.

குடையே இல்லாதவர் கதி யாது? 1994இல் உக்ரேன் தன் மண்ணிலிருந்த அணுவாயுதங்களைக் கைவிட இணங்கியது. அதன் எல்லைகளை மதிப்போம் என ருஷ்யா, அமெரிக்கா, பிரித்தானியா மூன்றும் புடாபெஸ்ட் நகரில் எழுதிக் கொடுத்தன. ஆனால், எல்லை மீறப்பட்டால் படை அனுப்பும் கடப்பாடு அவ்வேட்டில் இல்லை. 2014இல் கிரிமியா பறிபோயிற்று. 2022இல் முழுப் படையெடுப்பே நிகழ்ந்தது. நேட்டோவின் விரிவு தன்னை அச்சுறுத்தியதென மொஸ்கோ கூறுகிறது. அச்சம் அயலான் நிலத்தைக் கவரும் உரிமையாகுமா? அப்படையெடுப்பின் பின்னரன்றோ பின்லாந்தும் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்தன!

2025 மார்ச்சில் உக்ரேனுக்கான இராணுவ உதவியை அமெரிக்கா சில நாட்கள் நிறுத்தியபோது ஐரோப்பா திடுக்கிட்டது. அவ்வாண்டு ஜூனில் ஹேக் நகரிற் கூடிய நேட்டோ நாடுகள், 2035க்குள் தேசிய உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிட இணங்கின. பணம் பீரங்கியை வாங்கும். ஒருமித்த சித்தத்தை வாங்குமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிநாட்டுக் கொள்கையை ஒரேயொரு நாடு மறுத்தாலும் தடுத்துவிடலாம் என்ற விதி இருக்கும்வரை, படை பெருகினும் துணிவு பெருகாது. 1954இல் கைவிட்ட பணியை ஐரோப்பா இப்பொழுதாவது மேற்கொள்ள வேண்டும் என்பதே நமது கருத்து.

இது தொலைதூரத்து வழக்கெனத் தள்ளற்பாலதன்று. கருங்கடற் கரையின் போர் 2022இல் உலகெங்கும் கோதுமை விலையையும் உர விலையையும் ஏற்றியதை உழவர் மறவார். அதனினும் பெரிய பாடமொன்றுண்டு: மீறுவோனைத் தடுக்கும் கடப்பாடு இல்லாத வாக்குறுதி, வலியோனுக்கு வெறுங் காகிதம், எளியோனுக்கோ அது உயிர். சிறிய இனங்கள் எதில் ஒப்பமிடுமுன்னும் இதனை நினைவிற்கொள்க.