நம்பக் காரணம் இருந்தால்...

1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரையினர் சட்டத்தில் மூன்றாம் பிரிவு ஒரே ஒரு நீண்ட வாக்கியம். ஒரு குலமோ கூட்டமோ வகுப்போ ஜாமீனில் விட முடியாத குற்றங்களைத் தொடர்ந்து செய்யும் பழக்கம் உடையது என்று நம்ப மாகாண அரசுக்குக் காரணம் இருந்தால், அரசிதழில் அறிவித்து அதைக் குற்றப்பரம்பரை ஆக்கிவிடலாம் என்பது அதன் சாரம். மதுரைக்கு மேற்கே, சமணர் மலை அடிவாரத்தில் இருக்கும் கீழக்குயில்குடியின் கள்ளர்கள் மீது 1914இல் இந்த வாக்கியம் இறங்கியது. பிறமலைக் கள்ளர்களில் முதலில் சிக்கியவர்கள் இவர்கள்தான். ஊர்வாயில் இந்தச் சட்டத்தின் பெயர் கைரேகைச் சட்டம்.

மழை பெய்தால் ஆட்டம் நின்றுவிடும் என்றால் சண்டைக்கு இடமில்லை. பெய்ததா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் பிரிவின் 'இருந்தால்' அப்படிப்பட்டதன்று. களவு நடந்திருந்தால் என்று அது தொடங்கவில்லை. நம்புவதற்கு அரசுக்குக் காரணம் இருந்தால் என்று தொடங்குகிறது. களவோ வாக்கியத்துக்குள் வாக்கியமாக, அரசின் நம்பிக்கைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. யார் வீட்டில், என்றைக்கு, யார் திருடினார் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. சரி, நம்புவதற்கு என்ன காரணம் என்றாவது கேட்கலாமா? அதற்கும் வழியில்லை. அறிவிக்கை முறைப்படி வந்தது என்பதற்கு அறிவிக்கையே முடிவான சான்று, எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்று வேறொரு பிரிவு கதவைச் சாத்திவிட்டது.

1871இன் மூலச் சட்டம்கூடக் கொஞ்சம் கூச்சப்பட்டது. அப்போது மாகாண அரசு தன் காரணங்களையும், அந்த மக்கள் இனி எப்படிப் பிழைப்பார்கள் என்பதையும் எழுதி, கவர்னர் ஜெனரலிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 1911இல் அந்தக் கூச்சமும் போனது.

இந்த வாக்கிய அமைப்பின் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தெரிகிறது. அரசிதழில் அச்சேறியதும் 'இருந்தால்' உதிர்ந்துவிடும்; 'என்று நம்ப' என்பதும் உதிர்ந்துவிடும். காவல் நிலையப் பதிவேட்டில் எஞ்சுவது ஒரு பெயரும் விரல் ரேகைகளும்தான். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். பதிவான ஒருவர், திருடப் போகிறார் என்றோ திருடச் சமயம் பார்த்து நிற்கிறார் என்றோ நீதிமன்றத்துக்குத் தோன்றும் சூழ்நிலையில் எங்காவது காணப்பட்டால், மூன்றாண்டு வரை சிறை. சந்தைக்குப் போகிற வழியில் புளியமர நிழலில் நின்றவர், தான் சமயம் பார்த்து நிற்கவில்லை என்று எதைக் காட்டி மெய்ப்பிப்பார்? ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். இந்த மக்களுக்காக வாதாடிய மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947இல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கீழக்குயில்குடிக்கு மேலே, செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே சமணப் பள்ளி நடந்தது. எதைச் சொன்னாலும் 'ஒரு வகையில் பார்த்தால்' என்ற நிபந்தனையோடு சொல்ல வேண்டும் என்பது சமணத் தருக்கத்தின் சியாத்வாதம். அங்கே நிபந்தனை, சொல்பவரின் வாய்க்குப் பூட்டு. அடிவாரத்தில் வந்து இறங்கிய ஆங்கில நிபந்தனையோ கேட்பவரின் காலுக்குப் பூட்டு.

ஆங்கிலம் இப்படித்தான் எழுத வைக்கும் என்று மொழியின் மேல் பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்திலேயே, போதிய காரணம் இருந்தாலொழிய நம்பக் காரணம் உண்டு எனக் கொள்ளக் கூடாது என்று 26ஆம் பிரிவு சொல்லியிருந்தது. 1941இல் லண்டனில் லிவர்சிட்ஜ் வழக்கு வந்தது. போர்க்காலத்தில், நம்ப நியாயமான காரணம் இருந்தால் உள்துறை அமைச்சர் ஒருவரைக் காவலில் வைக்கலாம் என்றது விதி. தனக்குக் காரணம் இருப்பதாக அமைச்சர் நினைத்தாலே போதும் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். அட்கின் பிரபு மட்டும் ஒப்பவில்லை. ஒருவருக்குக் கணுக்கால் முறிந்திருந்தால் என்பதும், முறிந்திருப்பதாக அவர் நினைத்தால் என்பதும் ஒன்றாகுமா என்று கேட்டார். பத்தாண்டு கழிவதற்குள், இலங்கையில் உரிமம் பறிபோன ஒரு துணி வியாபாரியின் வழக்கில், காரணம் உண்மையிலேயே இருக்க வேண்டும் என்று பிரிவி கவுன்சில் அட்கின் பக்கம் சாய்ந்தது. வியாபாரி என்னவோ தோற்றுத்தான் போனார். ஆனாலும் ஒரு துணிக்கடை உரிமத்துக்குக் கிடைத்த இந்த அளவு வாசிப்புகூடக் கீழக்குயில்குடிக்குக் கிடைக்கவில்லை.

அதே தொடர் இன்றும் உயிரோடிருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் 19ஆம் பிரிவு, ஒருவர் குற்றவாளி என்று நம்ப அதிகாரிக்குக் காரணம் இருந்தால் கைது செய்யலாம் என்கிறது. ஒரு முன்னேற்றம், காரணத்தை எழுதி வைக்க வேண்டும். எழுதியதைக் கைதானவரிடமும் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூலை 12 அன்று அரவிந்த் கெஜ்ரிவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல அந்த உள்வாக்கியத்தைத் திறந்து பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. நம் செய்தி மேசைகள்தான் இன்னும் தொடங்கவில்லை. குற்றம் செய்ததாக நம்பக் காரணம் உண்டு என்று காலையில் ஓர் அதிகாரி எழுதுவது, மாலைத் தொலைக்காட்சியின் அடிவரியில் 'மோசடி செய்தவர் கைது' என்று ஓடிக்கொண்டிருக்கிறது.