லாக்ராஸ் மட்டையும் கல்லூரிக் கதவும்

செப்டம்பர் 1. நள்ளிரவு மணி 12.

அமெரிக்காவில் மேரிலாண்டிலோ, நியூ ஜெர்சியிலோ, லாங் ஐலண்டிலோ ஒரு வீடு. பதினொன்றாம் வகுப்புக்கு வந்திருக்கும் பையன் தூங்காமல் செல்போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்பா அம்மாவும் தூங்கவில்லை. ஏதாவது ஒரு கல்லூரியின் லாக்ராஸ் கோச்சிடமிருந்து ஒரு அழைப்பு, இல்லை ஒரு குறுஞ்செய்தியாவது வருமா என்றுதான் இந்தக் காத்திருப்பு. விதிப்படி டிவிஷன் 1 கோச்சுகள் அவனோடு பேசலாம் என்று ஆவது அந்த நிமிடத்திலிருந்துதான்.

சிலருக்கு 12 மணி அடித்ததுமே போன் அடிக்கும். பலருக்கு அடிக்காது.

இந்த ஒரு போனுக்காகக் குடும்பமே ஐந்தாறு வருடக் கோடை விடுமுறைகளையும், சனி ஞாயிறுகளையும், சேமிப்பில் ஒரு பெரும் பகுதியையும் கொடுத்திருக்கும். கொடுத்த விலைக்கு வாங்கிய பொருள் சரிதானா? இந்தக் கேள்வியைத்தான் அங்கே யாரும் உரக்கக் கேட்பதில்லை.

முதலில் விளையாட்டைப் பற்றி

லாக்ராஸ் பலருக்குப் புதிய பெயராக இருக்கலாம். நுனியில் வலை கட்டிய மட்டை, கைக்குள் அடங்கும் ரப்பர் பந்து. பந்தை வலையில் ஏந்திக்கொண்டே ஓட வேண்டும், எறிய வேண்டும், பிடிக்க வேண்டும், கோல் போட வேண்டும். ஆண்கள் ஆட்டத்தில் பக்கத்துக்கு 10 பேர். வேகமும் மோதலும் நிறைந்த ஆட்டம்.

இது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம். ஹோடினோஷோனி மக்கள் இதைப் படைத்தவன் தந்த ஆட்டம் என்கிறார்கள். நோயாளி குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆடுவதும் உண்டு. அதனால் இதற்கு 'மருந்து ஆட்டம்' என்றும் பெயர். 1867ல் மாண்ட்ரியாலைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர், வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ், இதற்கு விதிகள் எழுதினார். அதன் பிறகு ஆட்டம் கனடா, அமெரிக்கப் பள்ளி கல்லூரிகளுக்குள் பரவியது. 1904, 1908 ஒலிம்பிக்கில் பதக்க ஆட்டமாகவே இருந்தது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, கிரிக்கெட்டையும் ஸ்குவாஷையும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் சேர்த்தபோது லாக்ராஸையும் சேர்த்துக்கொண்டது.

மருந்தாக ஆரம்பித்த ஆட்டம், இன்று பல வீடுகளில் தலைவலியாக இருக்கிறது.

பள்ளி அணி இருக்கும்போது கிளப் எதற்கு?

காரணம் காலண்டரில் இருக்கிறது. கல்லூரி லாக்ராஸ் சீசன் பிப்ரவரியில் தொடங்கி மே வரை. பள்ளி அணிகளின் சீசனும் பெரும்பாலும் அதே வசந்த காலத்தில்தான். தன் அணியின் ஆட்டம் இருக்கும்போது கோச் எப்படி ஊர் ஊராகப் போய்ப் பள்ளி ஆட்டம் பார்ப்பார்? அவருக்கு நேரம் கிடைப்பது ஜூன், ஜூலையில். அப்போது பள்ளி மூடியிருக்கும்.

அந்த இடைவெளியில்தான் கிளப்புகள் முளைத்தன. கோடையில் ஒரே மைதான வளாகத்தில் நூற்றுக்கணக்கான அணிகளைக் கூட்டி டோர்னமெண்ட் நடத்துகிறார்கள். கோச்சுகள் மடக்கு நாற்காலி போட்டு ஓரத்தில் உட்கார்ந்து, பெயரும் எண்ணும் அச்சடித்த புத்தகத்தில் குறித்துக்கொள்வார்கள். கோச்சுக்கு இது வசதி. இரண்டு நாளில் ஆயிரம் பையன்களைப் பார்த்துவிடலாம்.

அந்த வசதிக்குப் பணம் கட்டுவது யார்? குடும்பங்கள். கிளப் கட்டணம், சீருடை, டோர்னமெண்ட் கட்டணம், விமானம், வாடகைக் கார் என்று வரிசையாக வரும். சில டோர்னமெண்டுகளில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்றுகூட நிபந்தனை உண்டு. ஆஸ்பென் இன்ஸ்டிடியூட் 2019ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், லாக்ராஸ் ஆடும் ஒரு பிள்ளைக்குக் குடும்பம் வருடத்துக்குச் சராசரியாக 1,289 டாலர் செலவழித்தது. செலவு அதிகமான ஆட்டங்களின் பட்டியலில் லாக்ராஸும் ஒன்று. இது சும்மா உள்ளூரில் ஆடுகிறவர்களையும் சேர்த்த சராசரி. கல்லூரியைக் குறிவைத்து மாநிலம் மாநிலமாகப் போகிற குடும்பத்துக்கு இது பல மடங்கு ஆகும்.

கணக்கு என்ன சொல்கிறது?

"ஸ்காலர்ஷிப் கிடைத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும்." இந்த ஒரு வாக்கியம்தான் மொத்தச் சந்தையையும் தாங்கி நிற்கிறது. கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் கணக்குப்படி, உயர்நிலைப் பள்ளியில் லாக்ராஸ் ஆடும் பையன்களில் 100க்குச் சுமார் 13 பேர்தான் ஏதாவது ஒரு டிவிஷனில் கல்லூரி அணிக்குப் போகிறார்கள். டிவிஷன் 1க்குப் போவது 100க்கு 3 பேர். பெண்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான்.

சரி, அந்த 3 பேரில் ஒருவனாகவே ஆகிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். முழுச் செலவும் கல்லூரி கொடுக்குமா? பல வருடங்களாக டிவிஷன் 1 ஆண்கள் அணி ஒன்றுக்கு இருந்த உச்சவரம்பு 12.6 ஸ்காலர்ஷிப். பெண்கள் அணிக்கு 12. அணியில் 45, 50 பேர் இருப்பார்கள். பங்கு போட்டால் தலைக்குக் கால் பங்குதான் வரும். வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல் கேட்கும் தனியார் கல்லூரியில் கால் பங்கு போனாலும் 60,000 டாலர் கையிலிருந்து கட்ட வேண்டும். இதுவும் உச்சவரம்பு முழுவதையும் கொடுக்கிற பணக்காரக் கல்லூரிகளின் கதை.

2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு இந்த விதி மாறியது. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு கிடையாது. பதிலாக ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு: ஆண்கள் அணிக்கு 48, பெண்கள் அணிக்கு 38. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொடுக்கலாம் என்ற அனுமதிதான் வந்ததே தவிர, கொடுக்கப் பணம் வரவில்லை. வருகிற பணத்தில் பெரும்பங்கை அமெரிக்கன் புட்பாலும் கூடைப்பந்தும் எடுத்துக்கொள்கின்றன. அதற்கு மேல், வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிற அனுபவசாலி ஆட்டக்காரனும் பள்ளிப் பையனோடு அதே 48 இடத்துக்குத்தான் போட்டி போடுகிறான்.

இன்னொன்று. ஹார்வர்ட், பிரின்ஸ்டன், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே தருவதில்லை. டிவிஷன் 3 கல்லூரிகளும் தருவதில்லை. ஆனால் லாக்ராஸ் குடும்பங்கள் கனவு காணும் பெயர்களில் பல இந்த இரண்டு பட்டியலில்தான் இருக்கின்றன!

அப்படியானால் பெற்றோர்கள் ஏமாளிகளா?

இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது. விவரம் தெரிந்த பெற்றோர் வாங்குவது ஸ்காலர்ஷிப் அல்ல, அட்மிஷன்.

ஹார்வர்ட் சேர்க்கை வழக்கில் வெளிவந்த தரவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் 2019ல் ஒரு எண்ணைச் சொன்னார்கள். கோச் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களுக்கு நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான். 2019 மார்ச்சில் வெடித்த சேர்க்கை ஊழல் நினைவிருக்கலாம். பாய்மரப் படகு, வாட்டர் போலோ, துடுப்புப் படகு என்று பிள்ளைகளைப் போலி வீரர்களாகக் காட்டிப் பணக்காரர்கள் இடம் வாங்கினார்கள். அவர்கள் போலி டாக்டர், போலி விஞ்ஞானி வேஷம் போடவில்லை. வீரர் வேஷம் போட்டார்கள். எந்தக் கதவு லேசாகத் திறக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

லாக்ராஸ் குடும்பங்கள் அந்த மாதிரி மோசடி செய்யவில்லை. அவர்கள் பிள்ளைகள் நிஜமாகவே வியர்வை சிந்துகிறார்கள். ஆனாலும் கேள்வி நிற்கிறது. அந்தக் கதவுக்குப் போகும் வழியில் டோல்கேட் வைத்து, ஐந்தாறு வருடம் பணம் கட்டியவர்களை மட்டும் விட்டால், அந்த மைதானம் எல்லோருக்கும் சமமானதா? வார இறுதியில் வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளை, எவ்வளவு வேகமாக ஓடினாலும் மடக்கு நாற்காலிக்கு முன்னால் வந்து ஓடவே முடியாதே.

கிளப்புகளின் விளம்பரத்தையும் கவனிக்க வேண்டும். "எங்கள் பிள்ளைகள் இத்தனை பேர் இன்னின்ன கல்லூரியில்" என்று பட்டியல் போடுவார்கள். தேர்வு வைத்துத் திறமைசாலிகளை மட்டும் பொறுக்கி எடுத்த கிளப்பிலிருந்து சிலர் கல்லூரிக்குப் போவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பட்டியலில் இல்லாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு கட்டினார்கள் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

பிள்ளைக்கு என்ன ஆகிறது?

பணத்தை விடுங்கள். பணம் திரும்ப வரும். பதின்மூன்று வயது திரும்ப வராது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016ல் தெளிவாகச் சொன்னது: 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் குறுகிவிடாமல் இருப்பது நல்லது, வருடம் முழுக்க ஒன்றையே ஆடினால் உடலும் அலுக்கும், மனமும் அலுக்கும். ஆனால் கிளப் அட்டவணையில் கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் எல்லாமே லாக்ராஸ். கூடைப்பந்து ஆட ஆசைப்படும் பிள்ளை, "இடம் போய்விடும்" என்ற பயத்தில் அதை விட்டுவிடுகிறான்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வயதும் உடம்பும் கூடினால் கோச் கண்ணில் படுவான் என்று, நன்றாகப் படிக்கிற பையனையே ஒரு வகுப்பைத் திரும்பப் படிக்க வைக்கிறார்கள். பெயில் ஆகாமலேயே பெயில்! பக்கத்தில் நிற்கும் சரியான வயதுப் பிள்ளை தன்னைவிட ஒரு வயது மூத்தவனோடு மோத வேண்டும். உடனே அவன் அப்பாவும் அதையே யோசிக்க ஆரம்பிப்பார். ஒருவர் எழுந்து நின்று படம் பார்த்தால் தியேட்டரே எழுந்து நிற்கும் கதைதான்.

மாற்ற முடியுமா?

முடியும். ஒரு முறை மாற்றியும் காட்டியிருக்கிறார்கள்.

2017க்கு முன்னால் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே "இந்தக் கல்லூரிக்கு வருகிறேன்" என்று வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடம் படித்திருக்க மாட்டான், கல்லூரி முடிவாகிவிடும். பந்திக்கு முந்து என்று எல்லோரும் முண்டியடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால் கோச்சுகளுக்கே அது பிடிக்கவில்லை. தனியாக நிறுத்த யாருக்கும் தைரியம் இல்லை, அவ்வளவுதான். கடைசியில் கோச்சுகளின் சங்கங்களும் யு.எஸ். லாக்ராஸ் அமைப்பும் சேர்ந்து கேட்டன. 2017 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. விதி போட்டது: பதினொன்றாம் வகுப்பு செப்டம்பர் 1க்கு முன்னால் பேச்சே கூடாது. அந்த நள்ளிரவு அழைப்பு இப்படி வந்ததுதான். குறை இருக்கிறது. பேசக் கூடாதே தவிர, முன்கூட்டியே பார்க்கலாம், குறித்துக்கொள்ளலாம். ஆனாலும் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் மிச்சமானது.

அதே பாதையில் இன்னும் இரண்டு அடி எடுத்து வைக்கலாம். கோச்சுகள் போய்ப் பார்க்கக்கூடிய கோடை வார இறுதிகளைக் குறைத்தால், குடும்பங்கள் ஓட வேண்டிய ஊர்களும் குறையும். வகுப்பைப் பார்க்காமல் பிறந்த தேதியைப் பார்த்து அணி பிரித்தால், ஒரு வருடம் திரும்பப் படிக்க வைக்கும் ஆசையும் போய்விடும்.

பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். காசோலை எழுதுவதற்கு முன்னால் கிளப்பிடம் கேளுங்கள்: மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், எவ்வளவு உதவி கிடைத்தது? பிறகு பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி: கல்லூரியே கிடைக்காது என்று இப்போதே தெரிந்தால், நாளைக்குக் காலையில் மட்டையை எடுத்துக்கொண்டு போவாயா?

"போவேன்" என்றால் தாராளமாகச் செலவழிக்கலாம். அது வீண் போகாது. ஒனாண்டாகாவைச் சேர்ந்த தாம்ப்ஸன் குடும்பத்து அண்ணன் தம்பிகள், மைல்ஸும் லைலும், 2014ல் கல்லூரி லாக்ராஸின் உச்ச விருதான டிவாரட்டனைச் சேர்ந்தே வாங்கினார்கள். 2015ல் லைல் மறுபடியும் வாங்கினார். அவர்கள் வளர்ந்த சமூகத்தில் அந்த மட்டை கல்லூரிக்குப் போகும் டிக்கெட் அல்ல. பிறந்த குழந்தைக்குக் கொடுப்பது, செத்தவனோடு புதைப்பது.

பையன் "தெரியவில்லை" என்று தலை குனிந்தால், செப்டம்பர் 1 வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவனைத் தூங்க விடுங்கள்.