விளக்கும் விதியும்

இருள் சூழ்ந்த நெடுஞ்சாலை. எதிரே வரும் காரின் விளக்கு நம் கண்ணைப் பறிக்கிறது. ஒரு கணம் சாலையே மறைந்துவிடுகிறது. ஒருவனுக்கு வழி காட்டும் ஒளி மற்றவனுக்கு இருளாகிறது! இதற்கு விஞ்ஞானம் மருந்து கண்டுவிட்டது. முன்விளக்கைப் பல சிறு விளக்குகளின் தொகுதியாக அமைத்து, ஒரு காமிராவைக் காவல் வைக்கிறார்கள். எதிரே வருபவனின் கண்படும் இடத்தில் மட்டும் ஒளி தணியும். ஓரத்தில் நடப்பவன்மீது குன்றாமல் விழும். 2013இல் ஆடி நிறுவனத்தின் ஏ8 கார் இத்தகைய விளக்கோடு ஐரோப்பாவில் வெளிவந்தது.

அமெரிக்காவிலும் அந்தக் கார் ஓடலாம்; ஆனால் விளக்கு அப்படி எரியக் கூடாது! காரணம், 1967இல் பிறந்த 108ஆம் எண் பாதுகாப்பு விதி. தாழ்ந்த கற்றை ஒன்று, உயர்ந்த கற்றை ஒன்று. இவற்றுக்கு இடைப்பட்டதை அது கனவிலும் கருதவில்லை. அதே 1967இல் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் விளக்கைச் சித்ரோன் டிஎஸ் காரில் வைத்தார்கள். அதற்கும் அமெரிக்காவில் இடமில்லை.

விதியைத் திருத்துமாறு டொயோட்டா 2013இல் விண்ணப்பித்தது. வரைவு வந்தது 2018இல். விதி வந்தது 2022 பிப்ரவரியில். அதுவும் 2021இல் காங்கிரஸ் சட்டமியற்றி முடுக்கிய பிறகு! அந்நாட்டில் 2022இல் மட்டும் 7,500க்கு மேற்பட்ட பாதசாரிகள் வாகனங்களால் மாண்டனர். நால்வரில் மூவருக்கு மேல் இருளில் மாண்டவர்கள். அத்தனை உயிரையும் புது விளக்கு மீட்டிருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. சிலரையேனும் காத்திராதா?

அமெரிக்க அதிகாரிகளைச் சோம்பேறிகள் என்று எள்ளி நகையாடுவாரும் உளர். அக்கூட்டத்தில் நான் சேரேன். ஐரோப்பாவில் அரசின் ஒப்புதல் பெற்ற பிறகே கார் விற்பனைக்கு வரும். அமெரிக்காவிலோ, 'விதிப்படி செய்தேன்' என்று உற்பத்தியாளனே சான்று தருகிறான். ஆகவே அங்கே 'கண் கூசாமல்' என்று எழுதினால் போதாது. எத்தனை லக்ஸ் என்று எழுத வேண்டும். 2022 விதி அதைச் செய்தது. எதிர்வண்டி 30 முதல் 60 மீட்டர் தொலைவில் இருக்கையில் 1.8 லக்ஸ், 120 மீட்டருக்கு அப்பால் 0.3 லக்ஸ், அதற்கு மேல் ஒளி படலாகாது. சோதனைச் சாலையில் காரை ஓட்டியே அளக்க வேண்டும்.

பௌதிகம் பயிலும் எனக்கு இது பிடித்திருக்கிறது. கருவியின் வடிவத்தை விட்டுவிட்டு, கண்ணில் விழும் ஒளியை அளக்கிறார்கள். இதை 1967இலேயே கேட்டிருக்கலாகாதா? ஒளியை அளக்கும் கருவி அன்றும் இருந்ததே!

ஆனால் புது விதி பழைய கற்றைகளின் அளவுகளையும் கூடவே சுமந்து வருகிறது. ஐரோப்பாவில் எரியும் விளக்கை அப்படியே கொண்டுபோய்ப் பொருத்த இயலாது. திரும்பவும் வடிவமைக்க வேண்டும். நண்பர்களே, எதிரே வருபவனின் கண் ஐரோப்பாவில் ஒன்று, அமெரிக்காவில் வேறா? ஜெனீவாவில் விதி செய்வோரும் வாஷிங்டனில் விதி செய்வோரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே லக்ஸ் கணக்கை ஒப்புக்கொள்ளட்டும்.