எண் பிறக்கும் இடம்

எண்ணையும் எழுத்தையும் கல்வியின் இரு கண்களாகப் போற்றியது நம் முன்னோர் மரபு. அம்மரபின்வழி வந்த நம் கல்லூரி, கணிதத்திலே வல்ல மாணவரை ஆண்டுதோறும் நாட்டுக்கு அளித்து வருகின்றது. அவருட் பெரும்பாலார் பொறியியலையும் கணக்கியலையும் நாடிச் செல்கின்றனர். அது நன்றே. ஆயினும், மக்கள் வாழ்வை எண்ணால் அளந்தறியும் புள்ளிவிபரத் துறையை நாடுவோர் மிகச் சிலர். பொருளியல் பயில்வோர்கூடப் பிறர் ஆக்கிவைத்த எண்களை எடுத்தாளுவதோடு அமைந்துவிடுகின்றனர். பொருளியல் மாணவர் ஒவ்வொருவரும் அரசாங்கப் புள்ளிவிபரப் பணியிலே சில மாதமேனும் பயிலுநராக இருத்தல் வேண்டும் என்பதும், அப்பயிற்சி நம் பகுதிக்குச் சிறப்பாக வேண்டப்படுவது என்பதும் நமது கருத்து.

பாடநூலிலே எண் முடிந்த பொருளாக நிற்கும். அதனை அப்படியே நம்புதலால் வரும் இடர் யாது? ஓர் உதாரணம் காட்டுவோம். இலங்கை மக்களுள் வறியோர் 2016ஆம் ஆண்டில் நூற்றுக்கு 4.1 எனவும், 2019ஆம் ஆண்டில் 14.3 எனவும் அரசாங்க அறிக்கைகள் கூறின. மூன்றே ஆண்டில் வறுமை மும்மடங்குக்கு மேல் பெருகிவிட்டதென்று இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவன் அலறுவான். உண்மை அதுவன்று. இடையிலே வறுமைக்கோடே திருத்தி வரையப்பட்டது. கோடு எங்கே வரையப்பட்டதென வினவாதவன், எண்ணைக் கையில் வைத்திருந்தும் இருளிலேயே நிற்கின்றான்.

நாம் பல்கலைக்கழகத்திற் பொருளியல் பயின்ற காலத்திலே, 2012/13ஆம் ஆண்டின் வீட்டு வருமானச் செலவின ஆய்விற் பயிலுநராகச் சேர்ந்து பணியாற்றும் வாய்ப்புப் பெற்றோம். முதலிற் கந்தோரிலிருந்து படிவங்களைச் சரிபார்த்தோம். பின்னர்க் கள உத்தியோகத்தர் ஒருவருடன் வீடு வீடாகச் சென்றோம். ஒரு குடும்பம் ஏழு நாளில் உண்டது அனைத்தும் அப்படிவத்திலே பதியப்படல் வேண்டும். விலைகொடுத்து வாங்கிய அரிசியும் மீனும் எளிதில் எழுதப்பட்டன. வளவிலே பறித்த முருங்கைக்காய்க்கும், விழுந்த தேங்காய்க்கும், வீட்டிலே காயவைத்த ஒடியலுக்கும் என்ன விலை? "அதுக்கும் காசோ, தம்பி?" என்று வீட்டார் சிரிப்பர். ஆனால் அவற்றையும் மதிப்பிட்டுச் சேர்த்தாலன்றி அக்குடும்பத்தின் நுகர்வு குறைந்தே தோன்றும். ஒடியல் யாது, அது எம்மாதத்தில் உண்ணப்படும் என்று அறிந்தவனே அக்கேள்வியை மறவாது கேட்பான்.

தொழிற்படை ஆய்விலும் இத்தகைய நுட்பம் உண்டு. குறித்த வாரத்திலே ஒரு மணி நேரமேனும் ஊதியத்துக்கோ குடும்ப ஆதாயத்துக்கோ உழைத்தவர் தொழிலுடையவராகவே கொள்ளப்படுவர். பனையோலைப் பெட்டி இழைத்து விற்கும் ஒரு தாயை வினவினால், தமக்கு வேலை ஏதும் இல்லையென்றே விடை கூறுவார். அவ்வளவில் எழுதிக்கொண்டு திரும்பினால் அவருடைய உழைப்பு நாட்டுக் கணக்கிலிருந்து மறைந்துவிடும். பொறுமையோடு மேலும் இரண்டு கேள்வி கேட்டால் அது கணக்கில் ஏறும். விரிவுரை மண்டபத்திலே ஓராண்டில் விளங்காதது இவ்விரண்டு கேள்வியில் எமக்கு விளங்கிற்று.

இவை யாவற்றிலும் அரியது மக்களின் நம்பிக்கை. இடம்பெயர்ந்தும் மீண்டும் குடியேறியும் அலைந்த மக்கள், பதிவென்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சினர். "பதிவு பதிவெண்டு எத்தினை தரம் எழுதிக் குடுத்திட்டம், கண்ட பலன் என்ன, தம்பி?" என்று மூதாட்டி ஒருவர் கேட்டார். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பும் பணத்தைச் சொன்னால் கிடைக்கும் உதவி நின்றுவிடுமோ என்ற ஐயம் வேறு. அவ்வையத்தைப் போக்குவது சூத்திரமன்று; அவர்தம் மொழியிலே, உறவு முறையோடு பேசும் பண்பாகும்.

இதனாலேயே இப்பயிற்சி நம் பகுதிக்குச் சிறப்பாக வேண்டப்படுவது என்றோம். 1871ஆம் ஆண்டு முதலாகக் குடிசன மதிப்புக் கண்ட நாடு இது. 1981ஆம் ஆண்டுக்குப் பின் 1991இல் மதிப்பு நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றபோது இருபத்தைந்து மாவட்டங்களுட் பதினெட்டிலேயே அது நிறைவேறிற்று. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் நிறைவேறாதனவற்றுள் அடங்கின. 2012ஆம் ஆண்டிலேதான் முழு நாடும் மீண்டும் ஒருங்கே எண்ணப்பட்டது. இன்றைய எல்லைப்படி 1981இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் மக்களைக் கொண்டிருந்த யாழ்ப்பாண மாவட்டம், 2012இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் மக்களையே கொண்டிருந்தது. இடைப்பட்ட முப்பத்தொரு ஆண்டுகளிலே நேர்ந்த இறப்பும் பெயர்வும் வறுமையும் அட்டவணைகளில் வெற்றிடங்களாகவே நின்றன. எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், எத்தனை முதியோர் தனித்திருக்கின்றனர் என்பதற்கு ஊகமே விடையாயிற்று. எண்ணப்படாத மக்களின் குறை எடுத்துரைக்கப்படினும், அதற்குச் சான்று கேட்கப்படும், சான்றோ இராது.

பட்டம் பெறப்போகும் மாணவன் படிவம் சுமந்து படலை தோறும் நிற்பதா என்று வினவுவாரும் உளர். அவர் சேர். பொன்னம்பலம் அருணாசலத்தை நினைத்தல் வேண்டும். 1875ஆம் ஆண்டிலே இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த அப்பெருமகனார், 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை முன்னின்று நடத்தி, அதன் பேரறிக்கையையும் எழுதினார். திருவாசகப் பாக்களை ஆங்கிலத்திற் பெயர்த்த அதே கைதான் இந்நாட்டு மக்களின் தொகையையும் வகுத்துக் காட்டியது. அவருக்கு அப்பணி சிறிதாகத் தோன்றவில்லை.

பயிற்சியென்ற பெயரிலே மாணவரைக் கோப்பு அடுக்கவும் பிரதி எடுக்கவும் மட்டும் ஏவும் கந்தோர்களும் உள என்பதை நாம் மறுக்கவில்லை. அது பயிற்சியைக் கைவிடுதற்குக் காரணமாகாது, திருத்துதற்கே காரணமாகும். பயிலுநர் ஒவ்வொருவரும் தம் காலத்திற் பாதியையேனும் களத்திலே கழித்தல் வேண்டும். ஒரு படிவம் வீட்டு வாயிலிற் பிறந்து அச்சிட்ட அட்டவணையாக முடியும்வரை உள்ள படிகள் அனைத்தையும் அவர் காணல் வேண்டும். 2024ஆம் ஆண்டின் மதிப்பிலே காகிதத்தின் இடத்தைக் கைக்கணினி பிடித்துக்கொண்டது. கருவி மாறினும், கேட்பவரும் விடை கூறுபவரும் மனிதரே.

அரச சேவையிலே உயர்நிலை வகிக்கும் பழைய மாணவர்கள், தத்தம் திணைக்களங்களில் ஆண்டுக்கு ஒரு மாணவருக்கேனும் இத்தகைய பயிற்சிக்கு வழிசெய்யலாம். ஆசிரியர்கள் உயர்வகுப்புப் பொருளியல் மாணவரைக் கொண்டு, திருநெல்வேலிச் சந்தையிலே பத்துப் பொருள்களின் விலையை வாரந்தோறும் ஒரே நாளிற் குறிப்பித்து, தவணை முடிவிலே ஒரு சுட்டெண் கணிப்பிக்கலாம். அதற்கு வேண்டுவது ஒரு கொப்பியும் விடாமுயற்சியுமே. அம்மாணவர், 2022ஆம் ஆண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் நூற்றுக்கு 69.8 ஏறியது என்று படிக்கும்போது, அவ்வெண்ணின் பின்னே எத்தனை கடைவாயிலில் எத்தனை பேர் நின்று விலை கேட்டனர் என்பதை உணர்வர்.

விழாக் காணும் நம் கல்லூரி, எண்களை ஒப்புவிக்கும் மாணவரோடு எண்களை உண்மையாக ஆக்கித்தரும் மாணவரையும் ஈன்றளிப்பதாக. நம் மக்களை நம் பிள்ளைகள் சரியாக எண்ணட்டும். அவ்வெண்ணே நாளை நம் மக்களின் குரலுக்குச் சான்றாய் நிற்கும்.